தூரமா?

வண்டிக்கு ஆளில்லை என்று, ரயில்களை நடத்துகிற கணினியான இசைவு சொன்னது. அப்படியென்றால் நடைபாலத்தில் பையும் கையுமாக மூச்சிரைக்க ஓடி வந்தார்களே, அவர்கள் யார்? ஆவியா, பேயா? செவல்பாறை சந்திப்பின் நிலைய அதிகாரி பவதாரணி அன்றைக்கும் இதைத்தான் கேட்டாள். கேட்டு என்ன செய்ய? கீழ்ப் பிளாட்பாரத்தில் பச்சை விழுந்துவிட்டது. செங்கோட்டை வண்டி ஒருமுறை ஊதிவிட்டு, பாதிக்கு மேல் காலியான பெட்டிகளை இழுத்துக்கொண்டு மேற்கே கிளம்பிவிட்டது. பாலத்துப் படியில் பாதி இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். மறுபடி செங்கோட்டைப் பக்கம் வண்டி என்றால் இனி விடிந்த பிறகுதான்.

முன்னால் நின்றவள் மகிழினி. சங்கரன்கோவில்காரி. சென்னையில் செயற்கை எலும்பு செய்கிற கூடம் ஒன்றில் வேலை. காலையில் பழைய வண்டியில் செவல்பாறை வந்து, மேல்தளத்தில் 'விர்ரு'வைப் பிடித்தால், தின்ற இட்லி செரிக்கும் முன் சென்னை. விர்ரு என்பது அந்த அதிவேக ரயிலுக்கு ஊர் வைத்த பெயர். அதை ஓட்டுகிற கம்பெனி தன் பளபளப்பான பெட்டிகளில் 'துரிதம்' என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பெயரைக் கம்பெனிக்காரர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் அதே வழியில் திரும்பினால் பிள்ளைக்கு ராத்திரிச் சோறு ஊட்ட வீட்டுக்குப் போய்விடலாம். வேலை சென்னையில், அடுப்பு சங்கரன்கோவிலில். புதுத் தண்டவாளமும் பழைய தண்டவாளமும் கைகோத்ததால் கிடைத்த பிழைப்பு அது.

"விர்ரு இன்னைக்கும் லேட்டுக்கா. எங்களுக்காகச் செத்த நேரம் நிக்கக் கூடாதா?" என்றாள் மகிழினி. "இனிமே கோவில்பட்டி போயி பஸ் ஏறணும். நான் போய்ச் சேருறதுக்குள்ள எம்மக தூங்கிருவா. நேத்து பக்கத்து வீட்டுல போயி என்ன சொல்லுதா தெரியுமா? 'எங்க அம்மா ஞாயித்துக்கிழமதான் வருவா'ன்னு சொல்லுதா. வெள்ளன நான்தான்க்கா அவளுக்குத் தலைசீவி விட்டேன்."

பதில் பேசுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று பவதாரணிக்குத் தோன்றியது. எந்த வண்டியும் கிளம்பும் முன் நிலைய அதிகாரி தன் வாயால் "பிளாட்பாரம் சரி" என்று சொல்ல வேண்டும். பழைய ரயில்வேயின் சட்டம் அது. யாரும் எடுக்க மறந்துபோய் இன்னும் இருக்கிறது. மற்ற எல்லாம் இசைவின் கையில். மேல்தளம், கீழ்த்தளம் இரண்டுக்கும் ஒரே மூளை அது. எது நிற்க வேண்டும், எது போகலாம் என்று அது தீர்ப்புச் சொல்லும், இவள் "பிளாட்பாரம் சரி" என்பாள், வண்டி போய்விடும். இன்றைக்கும் சொல்லித் தொலைத்திருந்தாள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து அஷ்வத் வந்தான். வண்டிகளின் இணைப்பைக் கவனிக்கும் பொறுப்பு அவனுடையது. சென்னைப் பையன், நல்ல பையன், உட்காரச் சொன்னால்தான் உட்காருவான். உட்கார்ந்ததும் குண்டைப் போட்டான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கிழமையிலேர்ந்து இந்த இணைப்பு இல்ல."

"இல்லன்னா?"

"செங்கோட்டை வண்டி எங்க வண்டிக்காக நிக்காது. எங்க வண்டியும் அதுக்காக நிக்காது. அட்டவணையையும் மாத்திடுறோம். ரெண்டும் அதது பாட்டுக்குப் போகும்."

"அதது பாட்டுக்குப் போறதுக்காய்யா ஊர் நிலத்தையெல்லாம் எடுத்துப் பாலம் கட்டினீக?"

அவன் நெளிந்தான். "நிலம் எடுக்கும்போது போட்ட ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கு. ஒரு பெட்டி நிறைய ஆள் மாறி ஏறினா, எது லேட்டானாலும் இன்னொண்ணு காத்திருக்கணும். நாங்க மீறல. ஆனா மாறி ஏற ஆளே இல்லன்னு இசைவு சொல்லுதே."

"என் கண்ணு முன்னாடி ஓடி வாராகளேய்யா!"

"உங்க கண்ணு கணக்குல வராது மேடம். எங்க கேமராவெல்லாம் எங்க வேலியோட முடிஞ்சிடுது. அந்தப் பக்கம் உங்க ரயில்வே. ரெண்டுக்கும் ஒரே டிக்கெட் போடலாம்னு பேசினாங்க. யாருக்கு எவ்வளவு பங்குன்னு சண்டை. வருஷக்கணக்கா இழுத்து, கடைசியில விட்டுட்டாங்க. அதனாலதான் ஆளுங்களையே கேட்டுக்கலாம்னு வெச்சோம். வண்டி செவல்பாறை நெருங்குறப்போ, எழுந்திரிக்கிற ஒவ்வொருத்தரையும் அவங்க சீட்டே மரியாதையா கேக்குது. அவங்க தமிழ்ல பதில் சொல்றாங்க. மதுரைத் தமிழ், நெல்லைத் தமிழ், எல்லாம் அதுக்குப் புரியும். அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? 'இங்கதான்.' இறங்குற அத்தனை பேரும் இங்கதான்னு சொல்றாங்க. செங்கோட்டைப் பக்கம்னு ஒருத்தர்கூட வாயத் திறக்கல."

பவதாரணி சன்னலுக்கு வெளியே கை நீட்டினாள். "இங்கன இறங்க என்னய்யா இருக்கு? ஒரு டீக்கடை, ரெண்டு வேப்பமரம். அத்தனை பேரும் வேப்பமரத்தைப் பாக்கவா விர்ருல ஏறி வாராக? கேக்குறவன் கேனயனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாக."

"கேக்குறது மிஷின் மேடம். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அப்ப எங்க ஆளுக பொய் சொல்றாகளா?"

அஷ்வத் டம்ளரைப் பார்த்தபடி டீயைக் குடித்தான். அது பவதாரணிக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலம் மகிழினியைப் பிடித்து வைத்துக் கேட்டாள். "ஏம்மா, இறங்கறப்ப உன்ன அந்தச் சீட்டு கேக்குதாமே, நீ என்னதான் சொல்ற?"

"என்னமோ கேக்கும்க்கா. இறங்குற அவசரத்துல நான் என்னத்தச் சொன்னேன்னு யாரு கண்டா?"

"செங்கோட்டை வண்டிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னம்மா? வாயில கொழுக்கட்டையா?"

"எம்மேல ஏன்க்கா பாயுதீக?" மகிழினிக்குக் கண் நிறைந்துவிட்டது. "சனிக்கிழமைக்குள்ள வேலை பாக்குற இடத்துல நான் சொல்லணும். சென்னை ஹாஸ்டல்ல சேருதேனா, இல்ல வேலையை விடுதேனான்னு. ஹாஸ்டல்ல சேந்தா அவ சொன்னது நெசமாயிரும். ஞாயித்துக்கிழம அம்மாதான் நான். வேலையை விட்டா, அவுக ஒருத்தர் சம்பாத்தியத்துல நாங்க எங்க போவோம்? நீங்க என்னடான்னா கொழுக்கட்டைங்கீக."

பவதாரணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளே மாற்று ஆளிடம் பொறுப்பை விட்டுச் சென்னைக்குக் கிளம்பினாள். கம்பெனித் தலைமையகத்தில் பெரியவர்கள் மூன்று பேர் அவளை எழுந்து வரவேற்றார்கள். காபி கொடுத்தார்கள். அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, விர்ருவில் போகிறவர்களின் ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு முக்கியம் என்று விளக்கினார்கள். ஆளில்லாத இணைப்புக்காக அந்த நிமிடங்களை வீணாக்க முடியாது என்று வருத்தப்பட்டார்கள். காபி நன்றாக இருந்தது. அது ஒன்றுதான் நன்றாக இருந்தது.

திரும்பும்போது விர்ருவில் ஏறி உட்கார்ந்து, மதுரை தாண்டுகிற வரைக்கும் மனசுக்குள் அந்த மூன்று பேரையும் திட்டிக்கொண்டே வந்தாள். அன்று ராஜபாளையத்தில் தம்பி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. செவல்பாறையில் இறங்கி அதே செங்கோட்டை வண்டியைப் பிடிக்க வேண்டும். கரிசல்காடு சன்னலுக்கு வெளியே பின்னால் ஓடியது. வண்டி வேகம் குறைந்தது. எழுந்து, பையைத் தோளில் மாட்டி, ஒரு கால் எடுத்து வைத்தாள்.

சீட்டிலிருந்து குரல் வந்தது. "வணக்கம். எங்கே போகிறீர்கள்?"

பவதாரணிக்குச் சுர்ரென்று ஏறியது. கிளம்புகிற நேரத்தில் எங்கே என்று கேட்கிறதே சனியன், போகிற காரியம் விளங்குமா?

"இந்தா, இங்கதான்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

நான்கு எட்டு நடந்திருப்பாள். கால் நின்றுவிட்டது. என்ன சொன்னோம்? இங்கதானா? ராஜபாளையம் போகிறவள், இந்தச் சந்திப்பையே கட்டி மேய்க்கிறவள், இங்கதான் என்றா சொன்னாள்?

அப்போதுதான் பெட்டிக்குள் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொருவரையும் அதே மரியாதையோடு அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கே போகிறீர்கள்? எங்கே போகிறீர்கள்?

"சும்மா, இங்கதான்."

"இந்தா, பக்கத்துல. வந்துர்றேன்."

"தெனமும் இதே எழவு. இங்கதான், போ!"

வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "கேட்டுட்டியா? போச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் இனி எந்திரிக்கணும்," என்று பாட்டிலைத் திறந்தார்.

பவதாரணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. இதை நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. கேட்டவன் தலையில் குட்டு விழுந்துதான் நமக்குத் தெரியும். கேட்டால் பதில் வராது. மழுப்பல்தான் வரும். நிலாவுக்கே ராக்கெட்டில் போகிறவனாக இருந்தாலும், எங்கே என்று கேட்டால் இந்தா இங்கதான் என்பான். கேட்டே ஆகவேண்டும் என்றால் அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. தூரமா? அவ்வளவுதான். தூரமா என்று கேட்டுப் பாருங்கள், ஊர் பேர், யார் வீட்டு விசேஷம், என்ன செய்முறை என்று எல்லாம் தானாக வரும்.

எல்லாத் தமிழும் புரிகிற மூளைக்கு இந்த ஒரு தமிழை யாரும் சொல்லவில்லை. அது கேட்டதை அப்படியே நம்பியது. இங்கதான் என்றால் இங்கேதான். பாலத்தில் ஏறிப் பார்த்தபோது செங்கோட்டை வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. இங்கதான் என்று சொல்லித் தானே விட்ட வண்டியைப் பார்த்தபடி பவதாரணி அஷ்வத்துக்குப் போன் போட்டாள்.

மூச்சு விடாமல் முழுவதையும் சொன்னாள். "கேள்விய மாத்துங்கய்யா. ஒரே ஒரு வார்த்தை. தூரமான்னு கேக்கச் சொல்லுங்க. நாளைக்கே பெட்டி நிறைய ஆள் இருக்கிறது தெரிஞ்சுபோகும்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அஷ்வத்?"

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"கேள்வி தப்புன்னு. ஆரம்பத்துலயே எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொன்னா. கம்பம் பக்கம் அவளுக்கு. நான்தான் மேல எடுத்துட்டுப் போனேன்." அவன் குரல் இறங்கியது. "பதில் நமக்குச் சாதகமா இருக்கும்போது கேள்விய ஏன் மாத்தணும்னு கேட்டாங்க. ஒப்பந்தம் ரெண்டு பக்கமும் செல்லும், பாருங்க. காலையில உங்க வண்டி லேட்டானா, எங்க வண்டி அதுக்காக நிக்கணும். பாசஞ்சர் வண்டிக்காக துரிதம் நிக்குதுன்னு வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு நினைக்கிறாங்க."

பவதாரணி அப்படியே பாலத்துப் படியில் உட்கார்ந்தாள். தெரியாமல் செய்த தப்பு என்றால் திருத்தலாம். தெரிந்தே அல்லவா காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள்! எங்கள் வாயாலேயே எங்கள் இணைப்பை அறுக்கப் பார்த்திருக்கிறார்கள்.

"நீங்க தெரிஞ்சேதான் என் முன்னாடி உக்காந்து டீ குடிச்சீகளா?" என்று கேட்டாள்.

"ஆமா மேடம்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சீட்டு கேக்காமலே ஒருத்தர் தானா வாயத் திறந்து நான் இன்ன ஊருக்குப் போறேன்னு சொன்னா, அது எடுத்துக்கிடுமா?"

அவன் யோசித்தான். "எடுத்துக்கும். வண்டி செவல்பாறையை நெருங்கறப்போ பெட்டிக்குள்ள எங்க பேசினாலும் அதுக்குக் கேக்கும். யார் சொன்னது, எந்த ஊர்னு தெளிவா இருந்தா போதும்."

"சரி. வைங்க போனை."

வெள்ளிக்கிழமை சாயங்காலம். இணைப்பின் கடைசி நாள். விர்ரு அன்றைக்கும் தாமதம். திண்டுக்கல்லைத் தாண்டவே நேரமாகிவிட்டது என்று செய்தி வந்தது. கீழ்ப் பிளாட்பாரத்தில் செங்கோட்டை வண்டி நின்றது. ஓட்டுநர் ஜெபராஜ் எஞ்சின் சன்னலில் தலையை நீட்டினார். பாளையங்கோட்டைக்காரர், வேலையில் கறார்.

"மேடம், பச்சை விழுந்துட்டு. நீங்க சொன்னா நான் எடுக்கேன்."

பவதாரணியின் கையிலிருந்த கருவியில் இசைவின் குரல் கேட்டது. "செங்கோட்டை வண்டி புறப்படலாம். பிளாட்பாரத்தை உறுதி செய்யவும்."

"பிளாட்பாரம் சரியில்லை," என்றாள் பவதாரணி.

"கணக்கின்படி பிளாட்பாரம் காலியாக உள்ளது."

"அதான் சரியில்லைங்கறேன். ஆளு இன்னும் வரலை."

"எதிர்பார்க்கப்படும் பயணிகள் எவரும் இல்லை."

"இருக்காக. நீ கேட்ட லட்சணத்துல உனக்குத் தெரியலை. கிளம்புறவுகளை எங்கன்னு கேட்டா எவன் பதில் சொல்லுவான்? தூரமான்னு கேக்கணும்."

"கேள்வியை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை."

"பிளாட்பாரம் சரின்னு சொல்ற அதிகாரம் எனக்கு மட்டும்தான். நான் சொல்ல மாட்டேன்."

"உங்கள் மறுப்பு பதிவு செய்யப்படுகிறது."

"பண்ணிக்க. பேரைத் தப்பில்லாம எழுது. பவதாரணி. மூணு சுழி ண."

எஞ்சின் சன்னலில் ஜெபராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பவதாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போகலாம். போனால் போகட்டும் என்று சொல்வது சுலபம். பொழுது விடிந்தால் இந்தப் பிளாட்பாரத்துக்கு வராமல் அவளுக்கு இருக்கத் தெரியாது. இன்னொரு கையிலிருந்த போனில் மகிழினி காத்திருந்தாள். விர்ருவுக்குள்ளிருந்து பேசினாள்.

"அக்கா, வேகம் குறையுது."

"ஆரம்பிம்மா. சத்தமா."

போனில் வண்டிச் சத்தத்துக்கு நடுவே மகிழினி தயங்குவது தெரிந்தது. கூச்சம் போல. பின்னே இருக்காதா, ஊர் பேர் தெரியாத ஆட்கள் நிறைந்த பெட்டி! பிறகு மகிழினி தொண்டையைச் செருமுவது கேட்டது. யாரோ எழுந்திருக்கிறார்கள்; பை உரசுகிற சத்தம்.

"மாமா, தூரமா?"

"ஆமாம்மா," என்றது அன்றைக்குத் தண்ணீர் குடித்த அந்தப் பெரியவரின் குரலேதான். "கடையநல்லூரு. மக வீட்டுக்கு. உனக்கு எதுவரைக்கும்?"

"எனக்குச் சங்கரன்கோவில். அத்தை, நீங்க? தூரமா?"

"சிவகாசிதான் தாயி. செங்கோட்டை வண்டியப் பிடிக்கணும், நிக்குமா?"

"நிக்கும் அத்தை. நம்ம அக்கா பிடிச்சு வச்சிருக்காக. அண்ணே, தூரமா?"

ஒரு வாய் பத்து வாயானது. அடுத்த பெட்டியில் யாரோ எடுத்துக்கொண்டார்கள். தூரமா? ராஜபாளையம். தூரமா? தென்காசி. தூரமா? அச்சன்புதூர், கடையநல்லூர்ல இறங்கி ஆட்டோ பிடிக்கணும். திருவிழாக் கூட்டம் மாதிரி போனே அதிர்ந்தது. நடுவில் ஒரு புதுக் குரல், பெரிய உத்தியோகத்துக் குரல் கேட்டது.

"நான் திருநெல்வேலிம்மா. நான் இங்க இறங்கல."

"பரவாயில்ல சார். சும்மா கேட்டேன்."

"இல்ல, கேளும்மா. இந்த வண்டியில என்னைய யாரும் ஒண்ணும் கேட்டதே இல்ல. நீங்கல்லாம் நிதானமா இறங்கிப் போங்க. அதுவரைக்கும் நான் உக்காந்திருக்கேன். என் தலை ஒண்ணும் வெடிச்சுப் போயிராது."

தலைமையகத்தில் அந்த மூன்று பெரியவர்கள் யாருடைய நிமிடங்களுக்காக உருகினார்களோ, அவர் பேசினார். பவதாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?" என்று கையிலிருந்த கருவியை அதட்டினாள்.

"மாறி ஏறும் பயணிகள் ஒரு பெட்டியின் அளவைத் தாண்டிவிட்டனர்," என்றது இசைவு. "செங்கோட்டை வண்டி காத்திருக்கவும்."

பச்சை சிவப்பானது. ஜெபராஜ் எஞ்சினிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். அதே நேரம் அஷ்வத்தின் அழைப்பு வந்தது.

"மேடம், இசைவோட முடிவை ரத்து பண்ணச் சொல்லி மேலேர்ந்து எனக்கு உத்தரவு."

"என்ன பண்ணப் போறீக?"

"நான் சீட்ல இல்லையே மேடம். கீழ டீ குடிக்க வந்திருக்கேன். டீ ரொம்பச் சூடா இருக்கு. ஆற நேரமாகும்."

மேல்தளத்தில் விர்ரு வந்து நின்றது. பாலத்தில் ஆட்கள் வந்தார்கள். யாரும் ஓடவில்லை. கடைசி ஆள் ஏறி, பெரியவர் படியில் நின்று இன்னொரு வாய் தண்ணீர் குடித்து முடித்த பிறகு, பவதாரணி வாயைத் திறந்தாள். "பிளாட்பாரம் சரி."

கம்பெனி சும்மா இருக்குமா? பெட்டிக்குள் கூச்சலிடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியது. பவதாரணியிடம் விளக்கம் கேட்டது. பழைய ரயில்வே, அவள் சட்டப்படிதானே நடந்தாள் என்று ஒரே வரியில் பதில் அனுப்பியது. அஷ்வத்துக்குப் பதவி உயர்வு நின்றுபோனது. ஆனால் மாறி ஏறுகிற ஆள் கணக்கில் ஏறிவிட்டது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், இணைப்பை எடுக்க முடியவில்லை. கேள்வியை மட்டும் வீம்புக்கு மாற்றவே இல்லை. சீட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஜனங்கள் அதைச் சட்டை செய்யாமல், ஒருவரை ஒருவர் தூரமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் இரண்டு கல்யாணம் வேறு நிச்சயமானது. மகிழினி ஹாஸ்டலில் சேரவில்லை.

ஆனாலும் பவதாரணிக்கு ஒரு பயம் இருந்தது. சாயங்காலம் சரி, விர்ருவுக்குள் காது இருக்கிறது. காலையில்? பழைய வண்டிக்குள் பேசினால் இசைவுக்குக் கேட்காது. காலையில் பழைய வண்டி தாமதமானால் மேலே விர்ரு நிற்க வேண்டும். பாசஞ்சருக்காக அது நிற்கிற காலமும் வருமா?

ஐப்பசி அடைமழையில் அந்தக் காலையும் வந்தது. ராஜபாளையத்துப் பக்கம் கேட்டில் ஆட்டு மந்தை ஒன்று தண்டவாளத்தை விட்டு நகர மாட்டேன் என்று நின்றதில், செங்கோட்டையிலிருந்து வருகிற வண்டி தாமதமாகிவிட்டது. மேல்தளத்தில் விர்ரு வந்து நின்றதைப் பவதாரணி கீழிருந்து பார்த்தாள். படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். கதவில் குறுக்கே நிற்பது என்று முடிவு கட்டிக்கொண்டு ஓடினாள். இசைவோடு மல்லுக்கட்ட வார்த்தைகளையும் அடுக்கி வைத்திருந்தாள்.

கதவுகள் திறந்தே கிடந்தன. உள்ளே ஆட்கள் நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். தூணிலிருந்த ஒலிபெருக்கி அவளைக் கூப்பிட்டது.

"பவதாரணி அவர்களே, கீழே வரும் வண்டி இன்னும் தூரமா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று தூணையே பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "இந்தா, வளைவுக்கு வந்துட்டு."

"நல்லது. வரட்டும்."

போன் அடித்தது. அஷ்வத். சிரித்துச் சிரித்துப் புரை ஏறியிருந்தது.

"மேடம், நீங்க ஏதாவது மாத்துனீங்களா?"

"நான் எதைய்யா மாத்துறது? உங்க மிஷின்."

"நாங்களும் மாத்தல. யாருமே மாத்தல. அது தினமும் சாயங்காலம் உங்க ஆளுங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. சாயங்காலம் போனவங்கதான் காலையில வருவாங்கன்னு அதுவே கணக்குப் போட்டிருக்கு. இப்ப ஆபீஸ்ல பெரிய திரையில வண்டி நகராம நிக்கிறதைப் பாத்துட்டு, கம்பெனித் தலைவரே நேரா மைக்கைப் பிடிச்சிட்டார். துரிதம் வண்டி இப்ப எங்கே போகுதுன்னு அவரே இசைவைக் கேட்டார்."

"கிளம்புற நேரத்துலயா கேட்டார்?"

"கிளம்புற நேரத்துலதான்."

கீழே செங்கோட்டை வண்டி ஊதிக்கொண்டு வந்து நின்றது. முதல் ஆளாக இறங்கிய மகிழினி அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினாள்.

"சரி, அது என்ன சொல்லுச்சு?" என்று பவதாரணி கேட்டாள்.

"'இந்தா, இங்கதான். வந்துர்றேன்'னு சொல்லிடுச்சு மேடம்."